இரண்டு பக்கமும் கொக்கி

"நுகர்வோர் மின்பணி பற்றிய அறிவு இல்லாதவர், பணி நடைபெறும்போது விலகி நிற்க வேண்டியவர்." மின் அலுவலகப் படிவத்தின் ஏழாம் பத்தி தையல்கார அக்காவை இப்படி வர்ணித்தது. பத்தொன்பது வருடமாகத் தையல் மோட்டாரைத் தானே பிரித்துப் பூட்டுகிறவள், மறுபேச்சில்லாமல் கீழே கையெழுத்துப் போட்டாள். போட்டால்தான் ஜெனரேட்டரை வீட்டு ஒயரிங்கோடு இணைக்க ஆள் வருவான்.

ஆள் மூன்றாம் தடவையாக வந்திருந்தான். எதைக் கேட்டாலும் "அரைமணி நேரம்க்கா" என்பதால் அவன் பெயரே அரைமணி. முதல் தடவை சுவரில் துளை போட்டான். இரண்டாம் தடவை அதையே வேறிடத்தில் போட்டான். உள்ளறையில் கணவர் மூக்கில் குழாயோடு படுத்திருந்தார். அவருடைய ஆக்ஸிஜன் மெஷின் கரண்டில் ஓடுவது. கைவசமிருந்த சிலிண்டர் இரண்டு மணி நேரம்தான் தாங்கும். நாளைக்குப் புயல். வெளியே, தகரக் கூரைக்கடியில், புது ஜெனரேட்டர் போர்வை போர்த்திக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது, ஒரு வேலையும் செய்யாமல்.

"முடிஞ்சுதுக்கா."

ஜெனரேட்டர் ஒயரை மாட்டுவதற்காக அவன் வைத்த சுவர்ப் பெட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளே மூன்று துளைகள். ஜெனரேட்டரிலும் துளைகள்தான்.

"ஏன் தம்பி, செவுத்துப் பொட்டியில பிளக்குல இருக்கற மாதிரி பின்னுல்ல வரணும்?"

"அதுக்குத்தான்க்கா இது." பையிலிருந்து ஒரு ஒயரை எடுத்து நீட்டினான். இரண்டு முனையிலும் பிளக். "பதினஞ்சு வீட்டுக்கு இப்படித்தான். ஒரு கம்ப்ளைன்ட் வந்ததில்ல."

"கம்ப்ளைன்ட் பண்ண ஆள் இருக்காங்களான்னு போய்ப் பாத்தியா?"

உள்ளேயிருந்து சிரிப்பும் இருமலும் ஒன்றாக வந்தன.

"ரெண்டு பக்கமும் வளையத்தத் தைச்சுட்டு, ரெண்டு பக்கமும் கொக்கி வச்ச கயிறக் கையில குடுக்கற. ஜெனரேட்டர் ஓடும்போது ஒரு முனை கழண்டா வெறும் பின்ல கரண்ட் நிக்கும். பாவாடை கழண்டா மானத்தோட போச்சு. இது?"

"பின் வச்ச பொட்டி கடையில இல்லக்கா. அடுத்த வாரம் மாத்திடலாம். புயலுக்கு மட்டும் இத வச்சு..."

அவள் ஒயரைக் கையில் வாங்கினாள். இரண்டு மணி நேர சிலிண்டர் கண்முன் நின்றது. ஒயர் கையில் கனத்தது.

"மழையில போயி மாட்டப்போறது நீதானே?" என்றார் கணவர். "எனக்கு மூச்சுக் குடுக்கப் போயி நீ விட்டுடாத."

துணியைத் தவிர காகிதத்தைக்கூடத் தொடவிடாத கத்தரி அவளுடையது. அதை எடுத்து ஒயரை நடுவில் ஒரே வெட்டாக வெட்டினாள்.

"அய்யோ, புது ஒயருக்கா!"

"எத்தன கடையில கேட்ட?"

அரைமணி தலையைச் சொறிந்தான். "ஒரு கடை."

"எடு வண்டிய."

"எவ்வளவு நேரமாகும்க்கா?"

"அரைமணி" என்று பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

மூன்றரை மணி நேரமானது.

மின்பணி அறியாதவர் என்று கையெழுத்துப் போட்டவள் அன்று ஐந்து கடை ஏறி இறங்கி, பின் வைத்த பெட்டியை வாங்கி வந்தாள். பழையதைக் கழற்றி அரைமணி அதைச் சுவரில் முடுக்கும் வரை, விலகாமல், அவன் தோளுக்குப் பின்னால் டார்ச் பிடித்து நின்றாள்.