படம் முடிந்ததும் ரஹீம் கேட்டது

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் பெடாஸ் ஊர் நூலகத்தில் தமிழ் மரபு வாரம். தமிழ்ப் புத்தகங்களை மேசையில் பரப்புவது, ஒரு படம் போடுவது, பிறகு எல்லாவற்றையும் அலமாரியில் திரும்ப அடுக்குவது... வருஷா வருஷம் என் தலையில்தான் விழுகிறது. ரிட்டயர்டு டீச்சர் என்ன சாக்குச் சொல்லித் தப்பிப்பது?

வந்ததே கொஞ்சம் பேர். அதிலும் பாதிப் பேர் பசியாறிவிட்டு, புத்தகங்களின் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். ஒருவரும் ஒரு புத்தகத்தையும் திறக்கவில்லை. எனக்குக் கோபம்கூட வரவில்லை - அதற்கும் தெம்பு வேண்டுமே!

சாப்பாட்டுச் செலவு மணியத்துடையது. செம்பனை எண்ணெய்த் தோட்டங்களுக்கு வேலையாள் விடும் கான்ட்ராக்டர். அவர் அப்பா இந்தப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். அதனால் இப்படிப்பட்ட காரியங்களுக்கு மனமுவந்து கொடுப்பார். நாற்காலி இறக்க, ரஹீம் என்ற பங்களாதேஷ் தொழிலாளியையும் கூட்டி வந்திருந்தார். வேலை முடிந்து வாசலில் நின்ற ரஹீமை, உள்ளே வந்து உட்காரச் சொன்னார் நூலகர் சல்மா. காலி நாற்காலிகளைப் பார்க்க அவருக்கும் சங்கடமாக இருந்திருக்கும்.

படம், அந்தக் காலத்தில் தோட்ட வேலைக்கென்று மலாயாவுக்குக் கப்பலேறி வந்த நம் ஆட்களைப் பற்றியது. அதில் ஒரு பெரியவர் பேசுகிறார். ஊரில் அம்மா சாகக் கிடக்கிறாள் என்று சேதி வந்ததும், அவருடைய அப்பா, ஊருக்குப் போக விடச் சொல்லி, ஆட்களை மேய்க்கும் கங்காணியிடம் போய் நின்றாராம். கங்காணி விடவில்லை. பெற்றவள் முகத்தை அப்பா கடைசிவரை பார்க்கவே இல்லையாம்.

மணியம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நடிப்பில்லை. பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

விளக்கைப் போட்டதும் ரஹீம் எழுந்து அவரிடம் வந்தார். தோட்டத்தில் கற்றுக்கொண்ட தமிழ்.

"பாஸ்... எனக்கும் அம்மா சாக்கிட், ரொம்ப சீக்கு. ஊரு ஆஸ்பத்திரியில இருக்கு. முன்னாடியே கேட்டேன். பாஸ்போட் குடு பாஸ். பாத்துட்டு வந்துர்றேன்."

மணியத்தின் முகம் கறுத்துவிட்டது. "இங்க பேசற விஷயமா லா இது? போ, நாற்காலிய ஏத்து."

ரஹீம் நகரவில்லை. பாஸ்போர்ட்டுக்குக் கையை நீட்டியபடியே நின்றார். வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது எனக்கு. ஆனால் அந்தக் கையைப் பார்த்த பிறகு எப்படிப் போவது?

"அவரு பாஸ்போட் உங்ககிட்ட எதுக்கு, மணியம்?"

"ஓடிப்போய்ட்டா யாரு பதில் சொல்றது டீச்சர்?"

"அந்தக் கங்காணியும் இதத்தானே சொல்லியிருப்பான்?"

மணியம் வெறும் திரையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கார் சாவியை எடுத்தார்.

ராசா என்ற ஊரில் இருக்கும் அவர் ஆபீசுக்கு மூவரும் போனோம். இரும்பு அலமாரியைத் திறந்து, ரப்பர் பேண்ட் போட்ட பாஸ்போர்ட் கட்டிலிருந்து ஒன்றை உருவி நீட்டினார். ரஹீம் தன் படம்தானா என்று திறந்து பார்த்தார். சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

நேற்று ரஹீம் ஊர் ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தார். அம்மா இவர் கையால் கஞ்சி குடித்தாராம்.

அன்று ஆபீசை விட்டுக் கிளம்பும்போது, அந்தக் கட்டில் மிச்சமிருந்த பாஸ்போர்ட்டுகளைக் காட்டி மணியத்திடம் கேட்டேன்: "அப்ப இவங்களுது?"

"அவங்க யாரும் கேக்கலையே டீச்சர்!"

அலுப்பாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சல்மாவிடம் படத்தை இரவல் வாங்கிவிட்டேன். வருகிற ஞாயிறு, அந்தப் பாஸ்போர்ட்டுகளுக்கு உரியவர்கள் தங்கியிருக்கும் லயக் குடியிருப்பிலேயே போட்டுக் காட்டப் போகிறேன்.

மலாய் சப்டைட்டில் இருக்கிறது - எல்லோருக்கும் புரியும்.