வாசலில் நின்ற ஸ்டெல்லாவும் என் வழியனுப்பு ஜெபமும்

"…அதனால உள்ள எல்லாம் வரமாட்டேன். வண்டியக்கூட ஆஃப் பண்ணல, பாரு. இந்த ஸ்வெட்டரப் பிடி, நான் கிளம்பறேன்" என்றாள் ஸ்டெல்லா, ஹெல்மெட்டைக் கழற்றாமலே. காக்ஸ் டவுனில் எங்கள் வீட்டு கேட்டுக்கு வெளியே அவள். உள்ளே ஹாலில் எனக்கான வழியனுப்பு ஜெபம். மறுநாள் நான் படிக்க அயர்லாந்துக்குப் போகிறேன்.

ஸ்டெல்லா யார் என்று சொன்னால்தான் கர்த்தர் எனக்குச் செய்தது உங்களுக்குப் புரியும். சண்டே ஸ்கூல் நாளிலிருந்து என் தோழி. எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரே கம்பெனி, ஒரே கேப். "நீங்க ரெண்டு பேரும் இறங்கினாத்தான் என் வண்டிக்கு மூச்சே வருது" என்பார் டிரைவர். அவ்வளவு பேச்சு! மேல்படிப்புக்கும் சேர்ந்தே விண்ணப்பித்தோம். இரண்டு பேருக்கும் இடம் கிடைத்தது. விசா மட்டும் பாக்கி.

அப்போது உபவாச ஜெபத்தில், அதை நடத்தும் கிரேஸ் ஆன்ட்டி சொன்னார்: "கிடைக்கணும்னு கேக்காதீங்க, கிடைச்சாச்சுன்னு சாட்சி சொல்லுங்க." எங்கள் சபையில் அப்படி ஒரு வழக்கம். நாங்களும் ஞாயிற்றுக்கிழமை மைக் பிடித்து, வராத விசாவுக்கு நன்றி சொன்னோம். சபையே கைதட்டியது. கமர்ஷியல் ஸ்ட்ரீட்டுக்குப் போய் ஒரே மாதிரி தடிமனான ஸ்வெட்டர் ஆளுக்கு ஒன்று வாங்கியும் விட்டோம்.

எனக்கு விசா வந்தது. அவளுக்கு மறுத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் சர்ச் வாசலில் யாராவது அவளைப் பிடித்து, "ஃப்ளைட் எப்போம்மா?" என்பார்கள். அவளும் சிரித்துச் சமாளித்தாள். ஒருநாள் கிரேஸ் ஆன்ட்டியே, "விசுவாசத்துல எங்கயோ ஓட்டை இருக்கு ஸ்டெல்லா, பாத்துக்கோ" என்றார். அன்றோடு அவள் சர்ச்சுக்கு வருவதை நிறுத்தினாள். என் போனையும் எடுக்கவில்லை. வீட்டுக்குப் போனால், "குளிக்கிறா", "தூங்கறா" என்று அவள் அம்மா என் முகத்தைப் பார்க்காமல் சொல்வார்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பெட்டியைக் கட்டுவேன், பிரிப்பேன். முழங்கால் போட்டால் பாதி ஜெபத்தில் எழுந்து போனைப் பார்ப்பேன். முதலில் அவளுக்காக விசா கேட்டேன். நாள் நெருங்க நெருங்க அதைக் கேட்கவும் வாய் வரவில்லை. "ஆண்டவரே, அவ முகத்தப் பாக்காம என்னை அனுப்பாதீங்க." இவ்வளவுதான் என் ஜெபம். நடக்கும் என்ற நம்பிக்கைகூட இல்லை. அழுகைதான் இருந்தது.

வழியனுப்பு ஜெபம் என்றால், போகிறவரை ஹால் நடுவே நாற்காலியில் உட்காரவைத்து, சுற்றி நின்று தலையில் கை வைத்து ஜெபிப்பார்கள். என்னால் உட்காரவே முடியவில்லை. தெருவில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் ஜன்னலுக்கு ஓடினேன். "நாற்காலில முள்ளா இருக்கு?" என்று அப்பா கேட்டுக்கொண்டிருக்கும்போதுதான் அந்த ஸ்கூட்டர் வந்து நின்றது.

கேட்டில் அவள் நீட்டிய ஸ்வெட்டரை நான் வாங்கிக்கொள்ளவில்லை. "நீ வந்து தலையில கை வைக்காம நாற்காலிய விட்டு எழுந்திருக்க மாட்டேன்டி" என்றேன்.

"இப்பவே எழுந்துதானே நிக்கற, லூசு." அவளுக்குச் சிரிப்பு வந்தது, உடனே போய்விட்டது. "உள்ள அந்த ஆன்ட்டி இருக்காங்கல்ல? பேடாம்மா, எனக்கு வேணாம்."

திரும்பினேன். கிரேஸ் ஆன்ட்டி செருப்பில்லாமல் கேட் வரை வந்திருந்தார். "ஓட்டை உன் விசுவாசத்துல இல்லம்மா, என் வாயில. தப்பா பேசிட்டேன். மன்னிச்சுடு" என்றார். இதை நான் ஜெபத்தில் கேட்கவே இல்லை. கர்த்தரே சேர்த்துக் கொடுத்தார்.

இப்போது அயர்லாந்திலிருந்து எழுதுகிறேன். ஸ்டெல்லாவுக்கு இன்னும் விசா வரவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி பேசவும் மாட்டேன். ஆனால் வராததை வந்ததாகச் சொல்வதை விட்டுவிட்டேன். பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்றே கர்த்தரிடம் சொல்கிறேன். நீங்களும் சொல்லிப் பாருங்கள். நம்பிக்கை கொஞ்சம்தான் இருக்கிறதா, அந்தக் கொஞ்சத்தோடு போங்கள். என் அரைகுறை ஜெபத்தைக் கேட்டவர் உங்களுடையதையும் கேட்பார்.

அன்று கேட்டில் நின்ற ஸ்டெல்லா, ஆன்ட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். சாவியைத் திருப்பி ஸ்கூட்டரை அணைத்தாள். ஹெல்மெட்டைக் கழற்றி ஆன்ட்டி கையில் கொடுத்தாள். எனக்கு முன்னால் விறுவிறுவென்று உள்ளே நடந்துபோய், அந்தக் காலி நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.