அண்ணன் முடித்த கேம்

என் அண்ணன் வாழ்க்கையில் முடித்த ஒரே காரியம் ஒரு டிவி கேம். முப்பது வருஷமாக அதைத்தான் சொல்லிக்கொண்டு திரிகிறான். பத்தாவதை முடிக்கவில்லை, கடைக்குப் பின்னால் கட்ட ஆரம்பித்த குடோனை முடிக்கவில்லை. ஆனால் அந்த கேமில் ஒரு வீரன் கோட்டை கோட்டையாக ஏறிப்போய், கடைசியில் ராஜா கையால் கிரீடம் வாங்குவானாம். அதைக் கண்ணால் பார்த்தவனாம் இவன். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட இதை அளந்தான். எனக்கு அன்றைக்கே சந்தேகம். ஜாய்ஸ்டிக்கை என் கையில் கொடுத்தால்தானே சோதித்துப் பார்க்க முடியும்?

“பொம்பளப் புள்ளைக்கு கேம் இன்னாத்துக்கு? போய் சொம்ப அடுக்கு” என்பான்.

இப்போது நைனாவின் பாத்திரக்கடையை நாங்கள் இருவரும்தான் பார்த்துக்கொள்கிறோம். போன ஆயுத பூஜைக்குப் பரணைச் சுத்தம் செய்தபோது அந்தச் சனியன் பிடித்த கேம் பெட்டி கேசட்டோடு கையில் சிக்கியது. கேசட்டின் செம்புப் பற்கள் கறுத்துக் கிடந்தன. அண்ணன் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. பித்தளைக் குடத்தைத் தேய்ப்பதுபோலப் புளியைப் போட்டுத் தேய்த்து, தண்ணீரிலும் அலசிவிட்டான். பாத்திரக்கடைக்காரன் புத்தி வேறெங்கே போகும்? ஒழிந்தது என்று சந்தோஷப்பட்டேன். இரண்டு நாள் வெயிலில் காய்ந்ததும் கடைக்குள்ளிருந்த பழைய டிவியில் அது ஓடித் தொலைத்தது.

அதைப்போல ஒரு மட்டமான கேமை நான் பார்த்ததில்லை. வௌவால் லேசாக இடித்தால் வீரன் பின்னால் துள்ளிக் குழியில் விழுவான். மூன்று உயிர் போனால் முதல் கோட்டையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். செய்தவனுக்கு மனித குலத்தின் மேலேயே ஏதோ கடுப்பு. யாரும் கண்டுகொள்ளாத பொக்கிஷம் என்று இப்போது போனில் சில பேர் எழுதுகிறார்கள். கண்டுகொள்ளாமல் விட்டவர்கள்தான் புத்திசாலிகள். கடை வாசலில் நின்றால் எங்கள் ஊர் மலைமேல் நிஜக் கோட்டையே தெரிகிறது. அதில் ஏறினால் தொப்பையாவது குறையும்.

முடித்தவன் என்று பீற்றிக்கொண்ட அண்ணன் இரண்டாவது கோட்டையையே தாண்டவில்லை. அமாவாசையன்று மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிற கூட்டம் குடத்துக்கும் குத்துவிளக்குக்கும் காத்து நிற்கிறது. இவன் வௌவாலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறான். கேட்டால், “கை மறந்துபோச்சி” என்றான்.

மதியம் அவன் வீட்டுக்குச் சாப்பிடப் போனதும் நான் அந்த டிவி முன்னால் உட்கார ஆரம்பித்தேன். அவன் பொய்யைப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டு மாதம் ஆனது, கட்டைவிரல் காய்த்துப்போனது. ஒருநாள் ஆறாவது கோட்டையைத் தாண்டினேன். ராஜாவும் வரவில்லை, கிரீடமும் வரவில்லை. மறுபடியும் முதல் கோட்டை வந்து நின்றது.

புளி செய்த வேலையோ என்று போனில் தேடினேன். நம் பக்கம் விற்றதெல்லாம் திருட்டு கேசட்டாம், ஆறு கோட்டையோடு வெட்டிவிட்டார்களாம், முடிவே கிடையாதாம். ஆக, அண்ணன் எதையும் பார்த்திருக்கவே முடியாது. முப்பது வருஷப் பொய் என் கையில் வசமாக மாட்டிக்கொண்டது.

மூன்று மணிக்கு அண்ணன் வந்தான். மானத்தை வாங்கிவிடுவது என்ற முடிவோடு ஆரம்பித்தேன்.

“ண்ணா, கேம முடிச்சிட்டேன்.”

கிண்டல் செய்வான் என்று பார்த்தேன். செய்யவில்லை. தெருவில் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டு, ஸ்டூலை என் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டான்.

“கடைசில இன்னா வருது?”

“ராஜா வரான்” என்றேன்.

“கிரீடம் குடுக்கறானா?”

“குடுக்கறான்.”

“நான் பாத்ததே இல்லடி” என்றான். ஐம்பதை நெருங்குகிற மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது.

இரக்கப்பட்டுச் சொன்னேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவன் அப்படிக் கேட்டபோது, முடித்தவளாக இருக்க எனக்கே ஆசை வந்துவிட்டது.

அதற்குப் பிறகு அவன் கேசட்டைத் தொடவில்லை. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், “எந்தங்கச்சி முடிச்சிட்டா” என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். நானும் தலையாட்டுகிறேன். அவனைப் பொய்யன் என்று சொல்ல இனி எனக்கு வாய் இல்லை.