ஆடிட்டரைச் சிதம்பரத்துக்கு அழைத்துப்போன நாள்

போன வாரம் பண்ருட்டியிலிருந்து கடலூர் வரும் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் காலுக்கடியில் முழுசாக ஒரு பலாப்பழம் வைத்திருந்தார். நெல்லிக்குப்பம் தாண்டுவதற்குள் வண்டி முழுக்க அதன் வாசனை. மற்றவர்களுக்கு நாக்கில் எச்சில் ஊறியிருக்கும். எனக்கு மட்டும் வருமான வரிப் படிவம் ஞாபகம் வந்தது. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

முதுநகரில் நானும் என் நாத்தனார் ஸ்டெல்லாவும் சேர்ந்து மெழுகுவர்த்திப் பட்டறை நடத்திக்கொண்டிருந்த முதல் சில வருடங்களில், ஆடிட்டரைப் பார்ப்பது என்றால் எனக்கு ஒன்றுதான் தெரியும். மஞ்சக்குப்பத்தில் தணிகாசலம் சாரின் மாடியறைக்கு ஒரு பலாப்பழத்தோடு ஏறிப்போவது, அவர் பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடங்களில் கையெழுத்துப் போடுவது, இறங்கி வருவது.

"ஏதாவது கேக்கணுமாம்மா?" என்பார்.

"ஒண்ணும் இல்ல சார். பழம் இன்னைக்கே அறுத்துடுங்க."

இதைத்தான் நான் ஆலோசனை என்று நினைத்திருந்தேன்.

பட்டறை என்று பெரிதாகச் சொல்கிறேன். தகரம் போட்ட ஒரு கொட்டகை, உருக்கும் பாத்திரம் இரண்டு, அச்சுகள், எங்களையும் சேர்த்துப் பதினோரு பெண்கள். பாதிப் பேர் மீனவக் குடும்பம், பாதிப் பேர் எங்கள் தேவாலயப் பங்கைச் சேர்ந்தவர்கள். உருகிய மெழுகின் வாசனை தலைமுடிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், எத்தனை முறை அலசினாலும் போகாது. கல்யாண வீட்டில் எங்களைக் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடித்துவிடலாம். எங்கள் வத்திக்குக் 'கரைவிளக்கு' என்று பெயர். ஸ்டெல்லா வைத்தது. மின்வெட்டு ஜாஸ்தியாக இருந்த காலம் அது. குடிகாட்டிலிருந்து புவனகிரி வரைக்கும் கடைகளில் "கரவெளக்கு ஒரு பாக்கெட்டு" என்று பெயர் சொல்லிக் கேட்க ஆரம்பித்தார்கள். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்துவிட்டது.

அப்போதுதான் அந்த வக்கீல் நோட்டீஸ் வந்தது. வெளியூர்க் கம்பெனி ஒன்று அதே பெயரைப் பதிவு செய்து வைத்திருக்கிறதாம். பதினைந்து நாளுக்குள் பெயரை நிறுத்த வேண்டும், அச்சடித்த பெட்டிகளை அழிக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. இறந்தவர்களுக்காகக் கல்லறைகளில் வத்தி ஏற்றும் கல்லறைத் திருநாளுக்கு ஒன்றரை மாதம் இருந்தது. எங்கள் வருட விற்பனையில் பாதி அந்த ஒரு நாளில்தான் இருக்கிறது. பெட்டிகள் கூரை வரைக்கும் அடுக்கியாகிவிட்டது. அன்று வேலைக்கு வந்தவர்கள் பாத்திரத்தைக் கிண்டிக்கொண்டே என் முகத்தை மட்டும் பார்த்தார்கள். ஏதாவது கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஆடிட்டரிடம் ஓடினேன். "சார், பிரச்சினை வராம இருக்க என்ன பண்ணணும்?" என்று கேட்டேன்.

"பேர மாத்திடும்மா. எதுக்குத் தலவலி?"

மறுநாள் சிதம்பரம் போனேன். கீழ வீதியில் மாடியில் இருந்த வக்கீல் பரீதா மேடத்தைப் பங்குச் சாமியார் கைகாட்டியிருந்தார். அவரிடம் வேறு மாதிரி கேட்டேன். "மேடம், சண்ட போட்டா ஜெயிப்போமா?"

"அவுங்களுக்கு முன்னாடியே நீங்க இந்தப் பேருல வித்திருந்தா அவுங்களால தடுக்க முடியாது. ஆதாரம் இருக்கா?"

"இல்ல மேடம்."

ஏன் இல்லை என்றேன் தெரியுமா? ஆதாரம் என்றால் கோர்ட்டு கொடுக்கும் ஏதோ பத்திரம் என்று நினைத்துவிட்டேன். பத்தாவது வரை படித்தவள்தான். பயம் வந்தால் படித்தது எங்கே நிற்கிறது?

வீட்டுக்கு வந்து இரண்டு பேர் சொன்னதையும் ஒப்பித்தேன். ஸ்டெல்லா தலையில் அடித்துக்கொண்டாள்.

"அவருகிட்ட ஒண்ணு கேக்குறீங்க, அவுங்ககிட்ட வேற ஒண்ணு கேக்குறீங்க. அவுங்கவுங்க கேட்டதுக்குத்தானே பதில் சொல்லுவாங்க? ரெண்டு பேரையும் ஒரே எடத்துல ஒக்கார வைங்க அண்ணி. மொதல்லேருந்து எல்லாத்தையும் சொல்லுங்க."

தணிகாசலம் சார் லேசில் மசியவில்லை. "வக்கீல் வேல வேற, என் வேல வேறம்மா. நான் அங்க வந்து என்ன பண்ணப்போறேன்?" என்றார். சிதம்பரத்தில் இட்லியும் கத்தரிக்காய் கொத்சும் வாங்கித் தருகிறேன் என்றேன். "எந்த ஓட்டல்?" என்றார்.

இரண்டு முறை கொத்சு வாங்கி ஊற்றிக்கொண்டு, வேட்டியில் ஒரு சொட்டுக்கூடப் படாமல் எழுந்து வந்த அந்த மனிதரை மேடத்தின் மேசைக்கு எதிரில் உட்கார வைத்தேன். ஸ்டெல்லா கதவோரம் நின்றாள். மேடம் பேனாவை மூடி வைத்தார். "சட்டத்த விடுங்க. மொத மொத வத்தி ஊத்துன நாள்லேருந்து சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். அழுததையும் சொன்னேன், முதல் நூறு வத்தியும் வளைந்துபோனதையும் சொன்னேன். பெட்டி அடிக்க வழியில்லாமல் செய்தித்தாளில் சுற்றி, மஞ்சள் தாளில் 'கரைவிளக்கு' என்று அச்சடித்த லேபிளை ஒட்டிக் கடை கடையாகப் போட்டோம் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, தணிகாசலம் சார் நாற்காலியை நகர்த்தினார்.

"இரும்மா, இரு. அந்த மஞ்ச லேபிள்தானே? தொழில் பதிவு பண்றப்ப விண்ணப்பத்துல மாதிரிக்கு ஒண்ணு ஒட்டச் சொன்னேன். கூடவே கடைக்காரங்க குடுத்த ரெண்டு சீட்டு. சீல் வெச்ச நகல் எங்கிட்டதான் இருக்கு."

மேடம் எழுந்தே நின்றுவிட்டார். "சார்! இத ஏன் இத்தன நாளா சொல்லல?"

"யாரும் கேக்கலயேம்மா! அது வரி ஃபைலு இல்ல. பேருக்கு அது ஆதாரம்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"நான் இவுங்ககிட்ட ஆதாரம் இருக்கான்னு கேட்டேனே!"

"எங்கிட்ட வந்து பிரச்சினை வேணாம்னு சொன்னாங்களே!"

அரை மணி நேரம் இரண்டு பேரும் சட்டமும் தேதியுமாக மோதிக்கொண்டார்கள். நடுநடுவே ஒரே சமயத்தில் திரும்பி என்னை முறைத்தார்கள். எனக்கு மேசைக்கடியில் போய்விடலாம் போல இருந்தது. ஆனால் உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. பதினோரு பேரின் பிழைப்புக்காக இரண்டு படித்தவர்கள் குரலை உயர்த்துகிறார்கள், அதற்கு முன் எனக்காக அப்படி யாரும் செய்ததில்லை.

அன்று மாலையே மஞ்சக்குப்பம் வந்து இரும்பு பீரோவைக் கவிழ்க்காத குறையாகத் தேடினோம். பழுப்புக் கோப்பில் லேபிள் மங்கலாக ஒட்டியிருந்தது. முத்திரையின் தேதி, அந்தக் கம்பெனி தொடங்கியதற்கே இரண்டு வருடம் முந்தியது. மேடம் இரண்டே பக்கத்தில் பதில் எழுதினார். சார் கோப்பின் நகல்களைத் தன் கையாலேயே வரிசைப்படுத்தினார். மூன்றாவது வாரம் கம்பெனியிடமிருந்து கடிதம்: மேற்கொண்டு நடவடிக்கை எடுக்க விரும்பவில்லையாம்.

அதைப் பட்டறையில் உரக்கப் படித்தேன். ஸ்டெல்லா கரண்டியால் தகரத்தைத் தட்டினாள். எல்லோரும் தட்டினார்கள். தெருவே வந்து எட்டிப் பார்த்தது.

கல்லறைத் திருநாள் அன்று மாலை தோட்டம் முழுக்க, வரிசை வரிசையாக எங்கள் வத்தி. பெரியவர்கள் தலை குனிந்து ஜெபம் செய்துகொண்டிருந்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் நின்று வாய் கொள்ளாமல் சிரித்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பெரியோர்கள் மன்னிக்க வேண்டும், அடக்க முடியவில்லை.

அடுத்து மேடமே எங்கள் பெயரைப் பதிவு செய்து கொடுத்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் பொங்கல் கழிந்ததும் ஒரு நாள், சார், மேடம், நான் மூன்று பேரும் சிதம்பரத்தில் உட்காருவோம். கேள்விகளை நோட்டில் எழுதிக்கொண்டு போவேன். தெரிந்ததைச் சொல்லிப் பெருமைப்படுவதை விட்டுவிட்டு, தெரியாததை முதலில் சொல்லப் பழகினேன். மின்வெட்டு குறைந்து வீட்டு வத்தி விற்காமல் போனபோது, கோயில்களுக்கும் ஓட்டல்களுக்கும் மாறச் சொன்னது அந்த மேசைதான். இப்போது முப்பது பேர் வேலை செய்கிறோம்.

தணிகாசலம் சார் கொரோனாவுக்கு முந்தின வருடம் காலமானார். மேடம் சென்னைக்குப் போய்விட்டார், கீழ வீதி மாடியில் இப்போது செல்போன் கடை. புது ஆடிட்டர் கெட்டிக்காரப் பையன், புது வக்கீலும் அப்படித்தான். எதைக் கேட்டாலும் பத்து நிமிடத்தில் செல்போனில் பதில் வந்துவிடுகிறது. பதில் சரியாகவும் இருக்கிறது. எனக்காக இரண்டு பேர் மேசையைத் தட்டிச் சண்டை போடும் சத்தம்தான் இல்லை.