சால் மரச் சக்களத்தி

எனக்கு ஒரு சக்களத்தி இருந்தாள். சால் என்கிற வடநாட்டு மரத்தில் செய்தவள். தில்லி ஜனக்புரியில் நாங்கள் குடியிருந்த வீட்டிலிருந்து பஸ்ஸில் போகும் தூரத்தில், ஒரு சின்னப் பொழுதுபோக்குப் பூங்காவின் கோடியில், கூன் விழுந்து நின்றுகொண்டிருந்தாள். ரோலர் கோஸ்டர் என்றால் இப்போது எல்லோருக்கும் இரும்புக் குழாய்தான் ஞாபகம் வரும். இது முழுக்க மரம். மரக்கால்கள், குறுக்கும் நெடுக்கும் மரச்சட்டங்கள், மேலே மரத் தண்டவாளம், அதில் பதித்த ஒரு இரும்புப் பட்டை. வருகிறவர்கள் 'லக்கடி வாலா ஜூலா' என்பார்கள், மரத்து ஊஞ்சலாம். என் வீட்டுக்காரர் அதைப் பராமரிக்கும் சூப்பர்வைசர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகித் திருநெல்வேலியிலிருந்து நான் தில்லிக்கு வந்தபோதே அவருக்கு அவளோடு தொடுப்பு இருந்தது.

நான் அப்படித்தான் சொல்வேன். அவர் எனக்கு அத்தை மகன், கேலி பண்ணக் கல்யாணம் வரை காத்திருக்க வேண்டிய அவசியம் இருந்ததில்லை. "அத்தான், இன்னைக்கு அவளுக்கு என்ன நோவு?" என்று கேட்டுக்கொண்டேதான் ராத்திரிச் சோறு போடுவேன். அவரும் சளைக்காமல் பதில் சொல்வார். மே மாத அனல் காற்றில் மரம் வற்றிச் சுருங்கும், போல்ட்டெல்லாம் தளரும், வண்டி பறக்கும். மழைக்காலத்தில் ஊதிப்போய் முனகிக்கொண்டு மெதுவாக வரும். காலையில் கேட் திறப்பதற்கு முன்னால் சுத்தியலோடு தண்டவாளத்தின் மேலே நடந்து, தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவார். என் தலைவலிக்கு இதில் பாதி அக்கறை காட்டியிருந்தால் நான் ராணியாக இருந்திருப்பேன்.

அவருக்கு ஒரு பிடிவாதமான நம்பிக்கை இருந்தது. காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, நான் கத்திரிக்காய் நறுக்குவதைப் பார்த்தபடி சொல்வார்.

"பெரிய பெரிய பார்க்கா வரப்போவுது பாத்துக்க. இரும்புலயே வரிசையா நிக்கும். அவன்கூட நாம இரும்புல மோத முடியுமா? சின்ன பார்க்குக்கு மரந்தான் பிழைப்பு. இரும்பு வழுக்கிட்டுப் போவும், ஒருதரம் ஏறுனா முடிஞ்சுது. மரம் ஆடும், கத்தும், உடைஞ்சிருமோன்னு பயங்காட்டும். மாசத்துக்கு ஒரு மாதிரி ஓடும். பின்னால ஒரு காலத்துல இதுக்குன்னே தேடி வருவாவட்டி."

"வாரவங்களுக்கெல்லாம் காபியும் நாந்தான் போடணுமோ?" என்பேன்.

ஒரே ஒரு தடவை நானும் ஏறினேன். சங்கிலி 'கடக் கடக்' என்று வண்டியை மேலே இழுத்துக்கொண்டு போனது. உச்சியில் ஒரு நொடி நின்ற மாதிரி இருந்தது. மொட்டைமாடிகள், கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகள், காயப்போட்ட சேலைகள், மேற்கு தில்லி முழுக்கக் காலடியில் கிடந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் வானத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விழுந்தோம். நான் ஊரையே கூட்டுகிற மாதிரி கத்தினேன். இறங்கியதும் பயங்கரமாகத் திட்டினேன். ஆனால் அவர் சொன்னதை அன்றைக்கு நம்பிவிட்டேன்.

தில்லியில் மெஷீன்களுக்குப் பூஜை போடுவது விசுவகர்மா பூஜை அன்றைக்கு. அது பூங்காவில் அவ்வளவாகக் கூட்டமில்லாத காலம். நமக்கோ நவமி. ஆயுத பூஜைக்குப் பூஜையில் வைத்த எதையும் மறுநாள் விஜயதசமி வரை தொடக்கூடாது. அங்கே நவமி, தசரா என்றால் ஊரே வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே கிளம்பும். பூங்கா நிரம்பி வழியும். அந்த நாளில் இந்த மனிதர் தன் வண்டியை நிறுத்தி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து, சங்கிலி கட்டிப் பூட்டிவிடுவார். பூங்காவை நடத்திய பெரிய லாலாவுக்கு முதலில் தலை சுற்றியது. பிறகு என் சுண்டலின் ருசி பிடித்துவிட்டது. "மெஷீன் கோ பீ சுட்டி சாஹியே" என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொரு வருஷமும் கிண்ணத்தை நீட்டுவார். மெஷீனுக்கும் லீவு வேண்டும்தானே என்பது அவர் தீர்ப்பு. மறுநாள் காலை முதல் ஓட்டம் எங்கள் மகளுக்கு. "அப்பா, ஜல்தி! முன்சீட்டு எனக்கு" என்று குதிப்பாள்.

லாலா ஒரு கோடைக்காலத்தில் போய்ச் சேர்ந்தார். பொறுப்பு மகன் கைக்கு வந்தது. மரத்தைப் பிரித்துவிட்டு இரும்பில் புதிதாக ஒன்று போடலாமா என்று அவன் யோசிப்பதாகப் பேச்சு. தசரா முடிந்து முடிவு சொல்வானாம். இவருக்குச் சோறு இறங்கவில்லை. நவமிக்கு முதல் நாள் நான் மெதுவாக ஆரம்பித்தேன்.

"லாலா இருந்தாவ, சரின்னாவ. இந்த வருசம் சும்மா பொட்டு மட்டும் வச்சிட்டு ஓட்டிருங்களேன், அத்தான்."

"பூசை போட்டதை எடுக்கலாமாட்டி? இந்த வருசந்தான் அதுக்கு சாமி துணை ரொம்ப வேணும். ஒருநா நிக்கட்டும். மறுநா ஓடும்லா."

அவளைக் காப்பாற்றத்தான் நிறுத்தினார். 

சுண்டல் தூக்கோடு நானும் மகளும் போயிருந்தோம். காலையிலிருந்து எத்தனையோ பிள்ளைகள் அந்தச் சங்கிலியைப் பிடித்து ஆட்டி, "அண்ணா, எப்போ ஓடும்?" என்று இந்தியில் கேட்டுப் பார்த்துவிட்டு அழுதுகொண்டே போனார்கள். மத்தியானம் லாலாவின் மகன் வந்தான், இரும்பு வண்டி விற்கிற ஆள் ஒருவனைக் கூட்டிக்கொண்டு. வருவதாக யாருக்கும் சொல்லவில்லை. அந்த நேரத்தில் கேட்க வந்த பிள்ளைகளெல்லாம் அலுத்துப்போய் ராட்டினத்துக்கும் கார் மோதும் இடத்துக்கும் போயிருந்தார்கள். பூங்கா முழுக்கத் தலைகள். அவள் மட்டும் கழுத்தில் சாமந்தி மாலையோடு தனியாக நின்றாள்.

பையன் கெட்டவன் இல்லை. கோபப்படவும் இல்லை. சுண்டலை வாங்கிக்கொண்டான், கும்பிட்டான். சுற்றிலும் ஒருமுறை பார்த்தான். பிறகு இவரிடம் இந்தியில் அமைதியாகச் சொன்னான்: "அங்கிள்ஜி, வருஷத்திலேயே பெரிய நாள் இது. இன்றைக்கு மூடிக் கிடந்தும் இதை யாருமே தேடவில்லையே."

காலையில் வந்த பிள்ளைகளைப் பற்றி இவர் சொல்லியிருக்கலாம். அவள் கழுத்து மாலையை நேராக்கிக்கொண்டு நின்றார். நான் என் ஓட்டை இந்தியில் கத்தினேன், "தேடினார்கள், ரொம்ப அழுதார்கள்" என்று. அவன் மரியாதையாகத் தலையாட்டினான். புருஷனுக்குப் பெண்டாட்டி பரிந்து பேசாமல் வேறு யார் பேசுவார்கள் என்று நினைத்திருப்பான்.

மறுநாள் விஜயதசமிக்கு வண்டி ஓடியது. கூட்டம் வாசல் வரை நின்றது. லாலாவின் மகன் அன்றைக்கு வரவில்லை, முடிவை முந்தின நாளே எடுத்துவிட்டான்.

குளிர் விடுவதற்குள் பிரித்துவிட்டார்கள். கூடமாட நின்று பிரித்ததும் இவர்தான், வேறு யாருக்கும் எந்தச் சட்டத்தை முதலில் கழற்ற வேண்டும் என்று தெரியாது. தினமும் கையில் சிராய் ஏறி வருவார். நான் ஊக்கால் எடுத்துவிடுவேன்.  வேலை போகவில்லை, சம்பளம் குறையவில்லை. புது இரும்பு வண்டியின் சுவிட்சைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். அதைத் தட்டிப் பார்க்கத் தேவையில்லை. சுத்தியல் வீட்டுப் பரணுக்கு வந்தது. எனக்குச் சக்களத்தி போனாள், சந்தோஷப்பட வேண்டியவள் நான். சமையலறையில் தண்ணீர்க் குழாயைத் திறந்து வைத்துவிட்டு அழுதேன்.

கோடையில் ஒருநாள் டிவியில் ஏதோ வெளிநாட்டுச் சின்ன ஊரைக் காட்டினார்கள். ஒரு குட்டிப் பூங்கா, அதில் ஒரு பழைய மர ரோலர் கோஸ்டர். அதில் ஏறுவதற்காகவே தூரத்திலிருந்து வந்தவர்கள் மழையில் குடை பிடித்து வரிசையில் நின்றார்கள். அந்தக் 'கடக் கடக்' சத்தம் கேட்டதும் மகள் அடுத்த அறையிலிருந்து ஓடி வந்தாள்.

"அத்தான், நீங்க சொன்னதுதான் சரி," என்றேன்.

"சரியாச் சொல்லி என்னட்டி? நிறுத்திப்போட்டேன்லா," என்று எழுந்து போய்விட்டார்.

அந்த வருஷமும் நவமி வந்தது. அரிவாள்மணை, மகளின் புத்தகங்கள், பரணிலிருந்து இறக்கிய சுத்தியல், எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்தேன். கீழே இறங்கிப் போய் அவருடைய ஸ்கூட்டருக்கும் பொட்டு வைத்து, எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைத்துவிட்டு வந்தேன். அடுப்பில் சுண்டல் தாளிக்கும்போது ஸ்கூட்டரை உதைக்கும் சத்தம் கேட்டது. பால்கனிக்கு ஓடினேன். சந்தனம்கூடக் காயவில்லை. இந்த மனிதர் குடியிருப்பைச் சுற்றிச் சுற்றி ஓட்டிக்கொண்டிருந்தார்.

"அத்தான், பூசை வச்ச வண்டியாக்கும்! எங்க போறிய?"

ஒரு காலை ஊன்றி அண்ணாந்து பார்த்தார். அழுதிருக்கிறார் என்று மாடியிலிருந்தே தெரிந்தது.

"எங்கயும் போவலட்டி. நிக்கக் கூடாது. நின்னா யாரும் தேடலன்னு சொல்லிருவானுவ."

மறுபடியும் கிளம்பிவிட்டார். நான் அடுப்பை அணைத்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கி, அவர் அடுத்த சுற்று வரும்வரை வாசலில் நின்று, பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.