காலியாகாத அண்டா

அந்தப் பள்ளிக்கூடத்தில் சமையல்காரியை எல்லோரும் அண்டாக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினோரு வருஷத்துக்கு முன்னால், வகுப்பில் பசி மயக்கத்தில் விழுந்த மகளுக்காகத் தலைமையாசிரியையிடம் சண்டைக்கு வந்தவள். வெளிநாட்டு நிறுவனம் ஒன்று அப்போதுதான் அங்கே மதிய உணவு ஆரம்பிக்க ஆள் தேடிக்கொண்டிருந்தது. கையில் கரண்டியைக் கொடுத்து வாயை அடக்கப் பார்த்தார்கள். அடங்கியதா என்று மட்டும் கேட்காதீர்கள்.

இப்போது அந்த நிறுவனம் ஒன்றாம் தேதி முதல் திட்டத்தை அரசாங்கத்திடம் ஒப்படைக்கிறது. “நம்ம பிள்ளைங்களுக்கு நாமதானே சோறு போடணும்” என்று முதலில் சந்தோஷப்பட்டவளே அண்டாக்காதான். ஆனால் நிறுவனத்தின் ஸ்டோர் கீப்பர் பட்டியலோடு வந்து, இரண்டு பெரிய அண்டாவும் திரும்பப் போக வேண்டும் என்றார்.

“அப்ப நாளைக்கு எதுல சமைக்கிறது?”

“அரசாங்க அண்டா அடுத்த வாரம் வந்துரும்க்கா.”

அடுத்த வாரமாம்! சமையலறைக் கூரைத் தகடும் இப்படித்தான் அடுத்த வாரம் வருவதாக இருந்தது. மூன்று மழைக்காலம் போய்விட்டது. முந்நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள் அதுவரை காற்றையா குடிக்கும்? அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பட்டியலை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தாள். பாத்திரங்களைக் காலியாக, கழுவித்தான் வாங்க வேண்டும் என்று அடியில் போட்டிருந்தது.

“காலியானதும் எடுத்துக்கங்க தம்பி” என்றாள் பணிவாக. அந்தப் பணிவிலேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

சாயங்காலம் வந்தார். இரண்டு அண்டாவிலும் மறுநாளுக்கான பயறு ஊறிக்கொண்டிருந்தது. மறுநாள் மதியம் வந்தார், கஞ்சி கொதித்தது. அன்று சாயங்காலம் மறுபடியும் பயறு. வீட்டில் கணவன், “வேலைக்கே உலை வச்சுக்காதடி” என்று கெஞ்சினான். “போனா போகட்டும், அண்டா போகாது” என்றாள்.

நான்காம் நாள் ஸ்டோர் கீப்பர் அரசாங்க அதிகாரியையே கூட்டிவந்துவிட்டார்.

“ஏம்மா, ரூல்ஸ்னு ஒண்ணு இருக்குல்ல?”

“இருக்கு சார். இதுங்களுக்கு வயிறுன்னும் ஒண்ணு இருக்கு.” தட்டோடு நின்ற வரிசையைக் கரண்டியால் காட்டினாள். “ஒண்ணாந்தேதியிலிருந்து இவங்க உங்க பிள்ளைங்க. உங்க அண்டா வரட்டும், முதல் கஞ்சிய அதுல இறக்கிட்டு இதைக் கழுவித் தர்றேன். அதுவரைக்கும் தூக்கணும்னா, கொதிக்கக் கொதிக்கத் தூக்கிக்கிட்டுப் போங்க.”

வரிசை முழுக்க அதிகாரியையே பார்த்தது. அவர் பட்டியலை வாங்கி, இரண்டு அண்டாவையும் அரசாங்கம் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டார். பாத்திரத்தின் நிலை என்ன என்று கேட்டிருந்த கட்டத்தில் ‘அடுப்பில்’ என்று எழுதினார்.

“எழுதிட்டீங்கல்ல, நகருங்க சார்” என்றாள் அண்டாக்கா. “இன்னும் உப்புப் போடல.”