உபவாசக் கம்பு

"தெனமும் அரை வயித்துல கெடக்கறவங்களுக்குத் தனியா எதுக்குச் சாமி உபவாசம்?"

உபதேசியாரின் மனைவி சிரித்துக்கொண்டுதான் இப்படிக் கேட்டார். ஆராதனை முடிந்து பெண்கள் வேதக்கோயிலை விட்டு வெளியே வந்துகொண்டிருந்த நேரம். இரண்டு மூன்று பேர் கூடச் சிரித்தார்கள். என் அம்மாவும் சிரித்தாள். மற்றவர்கள் சிரிப்பை நான் அன்றைக்கே மறந்திருப்பேன். அம்மா சிரித்ததைத்தான் மறக்க முடியவில்லை.

எனக்கு அப்போது பதினேழு வயது. சேலத்து மிஷன் போர்டிங்கில் எட்டாம் வகுப்பு தேறி ஊருக்கு வந்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன் யாரும் பேனாவைத் தொட்டதில்லை. அப்பா கவுண்டர் தோட்டத்தில் மாடு பூட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைக்கிற பண்ணையாள். அம்மாவுக்கு அதே தோட்டத்தில் களை வெட்டு. எங்கள் வளவில் பதினோரு வீடுகள் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்திருந்தன. எங்களுக்கு முன்பே சேர்ந்த நெசவுக்காரக் குடும்பத்தார் கோயிலில் முன்னால் உட்காருவார்கள். நாங்கள் கதவோரம். உபதேசியாரின் மனைவியும் நெசவுக்கார வீட்டுப் பெண்தான்.

திருச்சியில் ஆசிரியைப் பயிற்சிப் பள்ளியில் சேர எனக்கு எல்லாத் தகுதியும் இருந்தது. ஒன்றுதான் பாக்கி. விண்ணப்பத்தாளின் இரண்டாம் பக்கத்தில் 'சபையின் நற்சாட்சி' என்று போட்டு, கீழே வெற்றிடம் விட்டிருந்தார்கள். அதை எங்கள் சபையை நடத்துகிற உபதேசியார் நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும். ஈஸ்டர் கழிந்த வாரத்துக்குள் தாள் திருச்சிக்குப் போய்ச் சேர வேண்டும். உபதேசியார் சாதுவான மனிதர். மனைவி தலையசைக்காமல் யாருக்கும் ஒரு வரி எழுதமாட்டார். ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாற்பது நாளும் நான் எப்படி நடந்துகொள்கிறேன் என்று பார்த்துவிட்டுச் சொல்வதாக அந்த அம்மாள் சொல்லியிருந்தார்.

எங்கள் சபையில் லெந்துக் காலத்து வெள்ளிக்கிழமைகளில் பொழுது சாயும்வரை உபவாசம். அன்றைக்குச் சமைக்காமல் விட்ட தானியத்தை ஒரு பையில் கட்டி, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பீடத்தின் முன்னால் வைப்பார்கள். நாற்பது நாளும் அப்படிச் சேர்ந்ததைப் பெரிய வெள்ளியன்று கோயில் வாசலில் கஞ்சியாகக் காய்ச்சுவார்கள். மூன்று மணி ஆராதனை முடிந்ததும் சபையார் எல்லோரும், அன்றைக்குச் சேலத்திலிருந்து வரும் வெள்ளைக்கார மிஷன் துரையும் அந்தக் கஞ்சியைக் குடித்து உபவாசத்தை முடிப்பது வழக்கம். ஒவ்வொரு வீட்டின் பசியும் ஒரே பானையில் வெந்து எல்லோருக்கும் ஆகாரமாகிறது என்று உபதேசியார் பிரசங்கத்தில் சொல்வார். எனக்கு அந்த வாக்கியம் பிடிக்கும்.

நெசவுக்கார வீடுகளிலிருந்து அரிசி வரும். எங்கள் வளவில் கிறிஸ்துமஸுக்குத்தான் அரிசிச்சோறு. எங்கள் பைகளில் கம்பு இருக்கும். போர்டிங்கில் ஆறு வருஷம் அரிசி தின்று பழகியவள் நான். அம்மாவின் பையைக் கையில் பிடித்துக்கொண்டு கோயிலுக்குள் நடக்க முதல் ஞாயிறு எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

அன்றைக்கு அந்த அம்மாள் கேட்ட கேள்விக்கு அப்புறம் நான் உபவாசத்தை வெள்ளியோடு நிறுத்தவில்லை. புதன்கிழமையும் இருந்தேன். சாயங்காலம் என்பதை மறுநாள் காலை என்று ஆக்கிக்கொண்டேன். தேவனுக்காக என்று சொன்னால் பொய். அந்த அம்மாளுக்காக இருந்தேன். அரை வயிற்றில் கிடப்பவள் முழுவயிறும் காயப்போட்டால் எப்படியிருக்கும் என்று அவருக்குக் காட்ட வேண்டும். மத்தியானத்துக்கு மேல் காது அடைக்கும். வாய் கசக்கும். பக்கத்து வீட்டில் நிலக்கடலை வறுக்கிற வாசனை வந்தால் கண்ணில் தண்ணீர் வரும். முழங்காலில் நின்று கண்ணை மூடினால் அந்த அம்மாளின் முகம்தான் வரும். பசி ஏற ஏற அவர்மேல் எனக்கிருந்த வன்மம் ஓடைத் தண்ணீர் மாதிரி தெளிந்தது. மற்றவர்கள் உபவாசத்தில் சமாதானம் கிடைப்பதாகச் சொல்வார்கள். எனக்குக் கிடைத்தது பலம். அவ்வளவு பலத்தோடு நான் அதற்கு முன்னால் இருந்ததில்லை.

உபவாசம் இருக்கும்போது முகம் வாடிக் காட்டாதே, தலைக்கு எண்ணெய் வைத்து முகம் கழுவிக்கொள் என்பது ஆண்டவர் சொன்னது. அப்படியே செய்தேன். வீட்டில் இருந்தது விளக்கெண்ணெய்தான். அதை வழித்துத் தலைவாரிப் பின்னிக்கொண்டு கோயிலுக்குப் போனால் அந்த அம்மாள் மூக்கைச் சுருக்கினார். "உபவாசங்கறா, தலையில எண்ணெய் வழியுது. பாத்தா கண்ணாலத்துக்குப் போறவளாட்ட இருக்கறா" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது என் காதில் விழ வேண்டுமென்றே சொன்னது.

நான்காம் வாரம், ஒரு திங்கட்கிழமை, தேதி நெருங்குகிறதை நினைவுபடுத்தலாமென்று விண்ணப்பத்தாளை எடுத்துக்கொண்டு உபதேசியார் வீட்டுக்குப் போனேன். முன்வாசலில் ஆள் இல்லை. புறக்கடைக்குச் சுற்றிப் போனேன். அங்கே ஏழெட்டுக் கோழிகள் மண்ணைக் கிளறிக் கம்பு பொறுக்கிக்கொண்டிருந்தன. பக்கத்துக் கல்மேல் ஒரு வெறும் பை கிடந்தது. நீலக் கோடு போட்ட துணி. என் போர்டிங் பாவாடை கிழிந்தபோது அம்மா அதில் தைத்த பை.

அந்த அம்மாள் முறத்தோடு வெளியே வந்தார். என்னைப் பார்த்து அவர் பதறவில்லை. பதறியிருந்தால்கூட நான் மன்னித்திருக்கலாம்.

"கம்பு கஞ்சிக்கு ஆகாது அம்முணி. கலந்தா நெறமே கெட்டுப்போயிரும். வீணாப் போவுதேன்னு கோழிக்குப் போடறேன். நல்லாத் தின்னாத்தானே முட்டை வெக்கும்? ஈஸ்டருக்குத் தொரை வந்தா முட்டை வேணுமல்ல?"

போன வருஷமும் இப்படித்தானா என்று கேட்டேன். எப்பவும் இப்படித்தான் என்றார். கஞ்சி ஏன் வெள்ளையாகவே இருக்கிறதென்று கதவோரத்து நாங்கள் யாரும் கேட்டதில்லை. நான் அந்த வெறும் பையை எடுத்துக்கொண்டு, தாளை நீட்டாமலே திரும்பினேன். வெள்ளிக்கிழமை முழுதும் வெயிலில் களை வெட்டிவிட்டு, ராத்திரிக் கம்பையும் பையில் போட்டுவிட்டுத் தண்ணீர் குடித்துப் படுத்த அம்மாவின் பசி அந்தக் கோழிகளின் அலகில் இருந்தது.

வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடம் சொன்னால் அழுவாள். அழுது முடித்துவிட்டுப் பொறுத்துக்கொள்வாள். எனக்கு அவள் பொறுமை வேண்டியிருக்கவில்லை. வளவுப் பெண்களிடம், மிச்சமிருக்கும் வாரங்களின் கம்பைக் கோயிலில் வைக்க வேண்டாம், பெரிய வெள்ளிக்கு மொத்தமாகச் சேர்த்து வைக்கலாம் என்றேன். படித்த பெண் சொன்னால் கோயில் சொன்ன மாதிரி என்று நினைத்துக்கொண்டார்கள். நான் அப்படி நினைக்கவிட்டேன். பதினோரு வீட்டுக் கம்பையும் நானே உரலில் தண்ணீர் தெளித்துக் குத்தி, உமி போகப் புடைத்து, நொய்யாக உடைத்தேன். உலக்கை விழுகிற ஒவ்வொரு தடவையும் யாரை நினைத்துக்கொண்டேன் என்று சொல்ல வேண்டியதில்லை.

பெரிய வெள்ளியன்று ஒருவர் ஆராதனைக்குள் போகாமல் வெளியே அடுப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நானே அந்த அம்மாளிடம் போய், உள்ளே உட்கார்ந்து துரையின் பிரசங்கத்தைக் கேளுங்கள், அடுப்பை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவர் முகம் மலர்ந்தது.

"இப்பத்தான் உனக்குத் தாழ்மை வந்திருக்குது. தீயத் தள்ளி உட்டா மட்டும் போதும். பானையத் தொடாத."

விறகுச் சுமைக்குள் நொய்ச் சட்டி இருந்தது. அரிசி பாதி வெந்ததும் மூடியைத் திறந்து எல்லாவற்றையும் கொட்டினேன். உள்ளே சிலுவைப் பாட்டுகள் கேட்டுக்கொண்டிருந்தன. நான் அகப்பையை எடுத்து அடிவரைக்கும் துழாவினேன். வெள்ளைக் கஞ்சி சாம்பலும் பச்சையுமாக மாறி, கெட்டியாகி, கொப்புளம் விட்டது. நல்ல வாசனையாகவும் இருந்தது.

மூன்று மணிக்கு எல்லோரும் வெளியே வந்து வரிசையில் நின்றார்கள். முதல் குவளை துரைக்கு. அந்த அம்மாள் அகப்பையை வாங்கிப் பானைக்குள் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். துரை பக்கத்தில் நிற்கையில் அவரால் எதுவும் சொல்ல முடியவில்லை. அந்தக் கணத்துக்காகத்தான் நான் அத்தனை நாள் பட்டினி கிடந்தேன். அதை நிதானமாக அனுபவித்தேன்.

இது என்ன கஞ்சி, போன வருஷம் வேறு மாதிரி இருந்ததே என்று துரை கேட்டார்.

"எங்க வளவு உபவாசமுங்க, அய்யா. இது வரைக்கும் உபதேசியாரூட்டுக் கோழி தின்னுச்சு. இந்த வருசம் நீங்க குடிங்க."

துரைக்குத் தமிழ் கொஞ்சம் மெதுவாகத்தான் போகும். மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னேன், இன்னும் நிறுத்தி, ஒவ்வொரு வார்த்தையாக, கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி. பிறகு எங்கள் பக்கத்து வீட்டுக்காரி, "ஏனுங்கம்மா, எங்க கம்பத் தின்ன கோழிய எங்களுக்கு எப்ப அறுக்கப் போறீங்க?" என்றாள். சிரிப்பு எழுந்தது. இந்தத் தடவை அது கதவோரத்துச் சிரிப்பு.

துரை தலைகுனிந்து குவளையைக் கடைசிவரை குடித்தார். அந்த அம்மாள் தனக்கு ஈஸ்டர்வரை உபவாசம் என்று சொல்லி வீட்டுக்குள் போய்விட்டார். பசியென்றால் என்னவென்று அவருக்கும் ஒரு நாளாவது தெரிந்திருக்கும். அதில் எனக்கு இன்றுவரை வருத்தமில்லை.

அம்மா கஞ்சியைத் தொடவில்லை. குவளையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "நாஞ் சாமிக்குன்னு வெச்சேன். அது கோழிக்குப் போச்சுன்னு ஊரறியச் சொல்லிப்போட்டயே கண்ணு."

நான் அந்த அம்மாளை அடிக்க எடுத்தது அம்மாவின் பசியை. அவளிடம் கேட்காமல் எடுத்தேன்.

ஈஸ்டர் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் உபதேசியார் என்னையும் அம்மாவையும் கூப்பிட்டார். துரை அவரை என்ன சொன்னாரோ, கண் சிவந்திருந்தது. ஆனாலும் மனைவியை விட்டுக்கொடுக்கவில்லை. நான் சபை முன்னால் அந்த அம்மாளிடம் மன்னிப்புக் கேட்டால் அன்றைக்கே சாட்சி எழுதித் தருவதாகச் சொன்னார். இல்லையென்றால் தாழ்மையில்லாத பெண்ணுக்குத் தன் கை எழுதாது என்றார். அந்த அம்மாள் ஜன்னலுக்கு அந்தப்பக்கம் நின்றிருந்தார்.

அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். "சின்னப்புள்ள தெரியாமச் செஞ்சுட்டாளுங்க. நான் வேணா அம்மா கால்ல உழுகறேனுங்க. படிப்புக்கு மட்டும் எழுதிக் குடுத்துருங்க சாமி."

நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். எழுதித் தர என்னிடம் தாள் இல்லை என்று உபதேசியாரிடம் சொன்னேன்.

முந்தின நாள் காலையிலேயே அந்த இரண்டாம் பக்கத்தை நானே நிரப்பியிருந்தேன். யார் கையெழுத்தையும் போலியாகப் போடவில்லை. எங்கள் சபை கம்பை என்ன செய்தது, நான் அதை என்ன செய்தேன், இதற்காக எனக்குச் சாட்சி கிடைக்காது என்பதை இடம் போதுகிறவரை பொடி எழுத்தில் எழுதி, கீழே என் பெயரைப் போட்டு, தபாலாபீஸ் இருக்கிற புதுச்சத்திரத்துக்கு நடந்துபோய்த் தபாலில் சேர்த்துவிட்டேன்.